இரண்டு கையெழுத்தில் தொடங்கும் தேர்தல்: பிரிட்டனுக்குப் புதியவர்களுக்கு உள்ளாட்சி இடைத்தேர்தல் வழிகாட்டி

உங்கள் வார்டு கவுன்சிலர் பதவி விலகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் அந்த இடத்துக்கு இடைத்தேர்தல் தானாக வந்துவிடாது. அந்தக் கவுன்சிலின் வாக்காளர் பட்டியலில் உள்ள யாராவது இரண்டு பேர், ‘இடம் காலியாக இருக்கிறது, தேர்தல் நடத்துங்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கடிதம் போய்ச் சேர்ந்ததிலிருந்து 35 வேலை நாளுக்குள் வாக்குப்பதிவு நடந்தாக வேண்டும். வழக்கமாக அந்த இரண்டு கையெழுத்தும் கட்சிக்காரர்களுடையவையாகத்தான் இருக்கும். தங்களுக்குத் தோதான வியாழக்கிழமை அமையும்படி கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நாள் பார்ப்பார்கள். ஆனால் சட்டத்தில் கட்சி என்ற பேச்சே இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்தே ஒரு தேர்தலைத் தொடங்கிவிடலாம்.

இடம் காலியாவதற்கு மரணம், ராஜினாமா தவிர இன்னொரு வழியும் உண்டு. தொடர்ந்து ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராத கவுன்சிலர், கவுன்சில் முன்கூட்டியே விலக்கு அளிக்காவிட்டால், பதவியை இழக்கிறார். மறுபக்கம், அந்த இடத்தின் பதவிக்காலம் முடிய ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தால் பொதுவாக இடைத்தேர்தல் கிடையாது, அடுத்த வழக்கமான தேர்தல் வரை காத்திருக்க வேண்டும். ஊர் அளவில் இயங்கும் கீழ்மட்ட அமைப்பான பாரிஷ் கவுன்சிலுக்குக் கணக்கு வேறு: அறிவிப்பு ஒட்டிய 14 வேலை நாளுக்குள் பத்து வாக்காளர்கள் கேட்டால்தான் தேர்தல், இல்லையென்றால் கவுன்சிலே ஒருவரைத் தேர்ந்து உட்காரவைத்துவிடும். பல ஊர்களில் பாரிஷ் கவுன்சிலர்கள் பலர் இப்படி வந்தவர்கள்தான்.

கீழே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கான விதிகள். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் மாறுபடும் இடத்தை அங்கங்கே சொல்கிறோம்.

எந்தக் கவுன்சில், எந்த வார்டு

புதிதாக வந்தவர் செய்யும் முதல் தவறு, தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரைத் தன் கவுன்சில் என்று நினைப்பது. தபால் ஊர் என்பது கடிதம் பிரிக்கும் வசதிக்காக ராயல் மெயில் வகுத்தது. அதற்கும் கவுன்சில் எல்லைக்கும் சம்பந்தமில்லை. ஒரே தெருவின் இடது பக்கம் ஒரு கவுன்சில், வலது பக்கம் இன்னொன்று என்பதும் உண்டு. அரசின் கவ்.யூகே (GOV.UK) தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டுக் கவுன்சிலைக் கண்டுபிடியுங்கள். பிறகு கவுன்சிலின் தளத்தில் வார்டையும் தற்போதைய கவுன்சிலர்களையும் பாருங்கள். கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்குக் கட்டும் உள்ளாட்சி வரி) பில்லையும் எடுத்து வையுங்கள். எந்தெந்த அமைப்புக்கு எவ்வளவு போகிறது என்று அதில் வரிவரியாக இருக்கும், உங்களை எத்தனை அடுக்கு ஆள்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

லண்டனில் 32 பரோக்களும் சிட்டி ஆஃப் லண்டனும். மான்செஸ்டர், பர்மிங்ஹாம், லீட்ஸ் போன்ற பெருநகரப் பகுதிகளில் 36 மெட்ரோபாலிட்டன் கவுன்சில்கள். இங்கெல்லாம் குப்பை முதல் பள்ளிக்கூடம் வரை பெரும்பாலும் ஒரே கவுன்சில்தான். சர்ரே, கென்ட், எஸெக்ஸ் போன்ற கவுன்டிகளில் நெடுங்காலமாக இரண்டு அடுக்கு: கவுன்டி கவுன்சிலுக்குச் சாலை, பள்ளி, முதியோர் பராமரிப்பு, நூலகம், டிஸ்ட்ரிக்ட் அல்லது பரோ கவுன்சிலுக்குக் குப்பை அள்ளுவது, கட்டட அனுமதி, வீட்டுவசதி, கவுன்சில் டாக்ஸ் வசூல். இந்த இரட்டை அடுக்கை ஒழித்து ஒற்றைக் கவுன்சில்களாக்கும் வேலையை அரசு தொடங்கியிருக்கிறது. சர்ரேயைக் கிழக்கு, மேற்கு என இரண்டு கவுன்சிலாகப் பிரிக்கும் முடிவு 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

இது பாடப்புத்தக விவரம் போலத் தோன்றலாம். ஆனால் துண்டறிக்கையைச் சோதிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. இரண்டு அடுக்கு உள்ள ஊரில், பரோ இடைத்தேர்தலில் நிற்பவர் ‘சாலைப் பள்ளங்களை மூடுவேன்’ என்று அச்சடித்திருந்தால், அந்தப் பள்ளம் அவர் போகப்போகும் கவுன்சிலின் பொறுப்பே இல்லை. அவருக்கு அது தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

பட்டியலில் பெயர் சேர்ப்பது

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள். அவற்றின் குடிமக்கள் செல்லுபடியாகும் விசாவில் இங்கே வசித்தால் உள்ளாட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். மாணவர் விசா, வேலை விசா, துணைவர் விசா எதுவானாலும் சரி. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்த பிறகுதான் ஓட்டு என்று நினைத்துப் பத்து வருடம் பதியாமல் இருப்பவர்கள் நம்மவர்களில் ஏராளம். அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்குத் தங்கும் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை என்பதால் பதிய முடியாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டு அனுமதி வந்துவிட்டால் பதியலாம்.

பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு இடம்பெயர்ந்த ஈழத்தமிழர் நிலைமை வேறு. அயர்லாந்து, சைப்ரஸ், மால்டா தவிர மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடிமகனுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை. இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில், 2020 டிசம்பர் 31க்கு முன்பிருந்தே சட்டப்படி தொடர்ந்து வசிப்பவருக்கு உண்டு. அதற்குப் பின் வந்தவரென்றால் டென்மார்க், லக்ஸம்பர்க், போலந்து, போர்ச்சுகல், ஸ்பெயின் ஆகிய ஐந்து நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். ஒரே வீட்டில் இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் அம்மாவுக்கு இரண்டு ஓட்டும், பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகனுக்கு ஒன்றும் இல்லாமல் போவது இப்படித்தான். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் தங்கும் அனுமதி உள்ள எந்த நாட்டவரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், வயதும் 16 போதும்.

பதிவு செய்யக் கவ்.யூகே தளத்தில் ஐந்து நிமிடம் ஆகும். முகவரி, பிறந்த தேதி, குடியுரிமை, என்.ஐ. (நேஷனல் இன்ஷூரன்ஸ்) நம்பர் கேட்பார்கள். விவரங்கள் பொருந்தாவிட்டால் கவுன்சில் பாஸ்போர்ட் நகல் கேட்டு எழுதும். அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். ‘ஓப்பன் ரெஜிஸ்டர்’ என்ற கட்டத்தில் வேண்டாம் என்று குறியுங்கள், அது விளம்பரக் கம்பெனிகளும் வாங்கக்கூடிய பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தால் கிரெடிட் ஸ்கோருக்கும் உதவி. மார்ட்கேஜுக்கு அலையும்போதுதான் அதன் அருமை தெரியும். இரண்டு இடத்தில் வசிக்கும் மாணவர்கள் இரண்டு முகவரியிலும் பதியலாம். கவுன்சில்கள் வேறு வேறானால் இரண்டு உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பொதுத்தேர்தலில் அப்படி இரண்டு முறை போட்டால் குற்றம்.

வேலை நாள் கணக்கு

இடைத்தேர்தலில் நம்மவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். எல்லாக் கெடுவும் வாக்குப்பதிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். சனி, ஞாயிறு, பேங்க் ஹாலிடே சேராது. அக்டோபர் 15 வியாழக்கிழமை வாக்குப்பதிவு என்று வையுங்கள். தேர்தல் அறிவிப்பு, 25 வேலை நாளுக்கு முன், செப்டம்பர் 10க்குள் வந்திருக்கும். வேட்புமனு 19 வேலை நாளுக்கு முன், செப்டம்பர் 18 வெள்ளி மாலை 4 மணியோடு சரி. பட்டியலில் பெயர் சேர்க்க 12 வேலை நாள், அதாவது செப்டம்பர் 29 செவ்வாய் நள்ளிரவு. தபால் வாக்கு கேட்க அடுத்த நாள் புதன் மாலை 5 மணி. பதிலி வாக்குக்கும் (உங்களுக்காக இன்னொருவர் போடுவது), புகைப்பட அடையாளம் இல்லாதவர் இலவசமாக வாங்கும் வாக்காளர் சான்றிதழுக்கும் அக்டோபர் 7 புதன் மாலை 5 மணி.

இடைத்தேர்தல் பற்றித் தொலைக்காட்சியில் வராது. அறிவிப்பு கவுன்சில் தளத்தில் ஒரு பி.டி.எஃப். கோப்பாகக் கிடக்கும், அவ்வளவுதான். முதல் துண்டறிக்கை உங்கள் கதவிடுக்கில் விழும்போது மனுத்தாக்கல் முடிந்திருக்கும், சில சமயம் பெயர் சேர்க்கும் நாளும் போயிருக்கும். ஆகவே தேர்தல் வரும்வரை காத்திருக்காமல் வீடு மாறிய வாரமே பதிந்துவிடுங்கள். வேட்பாளர் யார் யார் என்று பார்க்கக் கவுன்சில் வெளியிடும் வேட்பாளர் பட்டியல் போதும். ‘ஹூ கேன் ஐ வோட் ஃபார்’ என்ற தளத்தில் போஸ்ட்கோடு போட்டாலும் வரும்.

நீங்களே நிற்பதானால்

வாக்களிக்க விசா போதும், நிற்கப் போதாது. இங்கிலாந்தில் காமன்வெல்த் குடிமகன் கவுன்சிலுக்குப் போட்டியிட ஐ.எல்.ஆர். (காலவரையற்ற தங்கும் அனுமதி) வேண்டும், அல்லது தங்க அனுமதியே தேவைப்படாதவராக இருக்க வேண்டும். வயது 18. இதோடு நான்கில் ஒரு தகுதி: அந்தக் கவுன்சில் பகுதியில் வாக்காளராகப் பதிந்திருப்பது, கடந்த 12 மாதம் முழுவதும் அங்கே வசித்தது, 12 மாதம் முழுவதும் முக்கிய வேலையிடம் அங்கே இருந்தது, 12 மாதம் முழுவதும் அங்கே சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் வைத்திருந்தது. கடை வைத்திருப்பவர் வேறு ஊரில் குடியிருந்தாலும் கடை இருக்கும் கவுன்சிலில் நிற்கலாம் என்பது இதன் பொருள். பொருந்தும் தகுதிகள் எல்லாவற்றையும் படிவத்தில் குறியுங்கள். வாக்காளர் என்ற ஒன்றை மட்டும் குறித்தவர், ஜெயித்த பின் அந்தப் பகுதிக் கவுன்சில் பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டால், பதவியையும் இழப்பார். மற்ற தகுதிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அதே கவுன்சிலில் சம்பளம் வாங்குபவர் நிற்க முடியாது. இதில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் பள்ளி உதவியாளர்களும். கவுன்சில் நடத்தும் கம்யூனிட்டி பள்ளி என்றால் உங்கள் முதலாளி கவுன்சில்தான். அகாடமி என்றால் பெரும்பாலும் ஓர் அறக்கட்டளை. வேலை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் முதலாளி பெயர் என்ன என்று பாருங்கள்.

டெபாசிட் கிடையாது. முன்மொழிபவர், வழிமொழிபவர் என அந்த வார்டு வாக்காளர் இரண்டு பேர் கையெழுத்துப் போதும். முன்பு பத்து கேட்டார்கள். ஆனால் இந்த இரண்டிலேயே மனுக்கள் கவிழ்கின்றன. கையெழுத்திட்டவரின் பட்டியல் எண் பழையதாக இருக்கும். அல்லது அவர் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்க வார்டு. அல்லது ஏற்கெனவே இன்னொரு வேட்பாளருக்கும் போட்டுக் கொடுத்திருப்பார். ஓரிடத்துக்கான தேர்தலில் ஒருவர் ஒரு மனுவில்தான் கையெழுத்திடலாம், முதலில் போய்ச் சேர்ந்ததே செல்லும். மனுப் படிவத்தை ஈமெயிலில் அனுப்பக் கூடாது, மூலப் பிரதியை ஆள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீட்டு முகவரிப் படிவமும், சாட்சியோடு கையெழுத்தான ஒப்புதல் படிவமும் சேர்ந்து போக வேண்டும். கட்சி வேட்பாளர் என்றால் கட்சியின் அங்கீகாரச் சான்றிதழும். கட்சி இல்லாதவர் தன் பெயருக்குக் கீழே ‘இண்டிபெண்டன்ட்’ என்ற ஒரே சொல்லைப் போடலாம், அல்லது வெறுமையாக விடலாம். ‘மக்கள் தொண்டர்’ எல்லாம் போட முடியாது. கடைசி நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தேர்தல் அலுவலகத்தில் நேரம் கேட்டு வாங்கி, படிவத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நல்ல அலுவலகங்கள் மறுக்காமல் செய்துகொடுக்கும்.

தமிழ்ப் பெயருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வாக்குச்சீட்டில் பெயர்கள் குடும்பப்பெயரின் ஆங்கில அகரவரிசையில் வரும். நமக்கோ குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர், சிலருக்குச் சொந்தப் பெயர், சிலருடைய பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டமே காலி. ஊரெல்லாம் உங்களை ஒரு பெயரில் தெரிந்திருக்க, சீட்டில் அப்பா பெயர் பெரிதாக வந்து நின்றால் தெரிந்தவர்கூடத் தேட வேண்டியிருக்கும். மனுவில் ‘வழக்கமாகப் பயன்படுத்தும் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு, அதை நிரப்புங்கள். அருணாசலம் சீட்டின் உச்சியில், யோகநாதன் அடியில். மேலே இருப்பது சற்றுச் சாதகம் என்று பிரசாரக்காரர்கள் நம்புகிறார்கள், ஆனால் அதற்காக அப்பாவை மாற்ற முடியாது.

பணம் இன்னொரு பொறி. செலவுக்கு உச்சவரம்பு உண்டு: ஓர் அடிப்படைத் தொகை, அதோடு வார்டின் ஒவ்வொரு வாக்காளருக்கும் சில பென்ஸ். அன்றைய எண்ணைத் தேர்தல் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 50 பவுண்டுக்கு மேல் யார் கொடுத்தாலும் அவர் பிரிட்டன் வாக்காளர் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்த பிறகே ஏற்க வேண்டும். கனடாவிலிருக்கும் மாமா அன்போடு அனுப்பும் 200 பவுண்டைத் திருப்பி அனுப்புவதுதான் சரி. நண்பரின் அச்சகத்தில் பாதி விலைக்கு அடித்தாலும், அதை மற்றவர்க்கு என்ன விலைக்கு அடிப்பார்களோ அதைக் கணக்கில் காட்டுங்கள். ஒவ்வொரு துண்டறிக்கையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இணைய விளம்பரத்துக்கும் 2023 நவம்பரிலிருந்து இதே மாதிரி விதி. கூட்டத்துக்கு வந்தவருக்குத் தேநீரும் பிஸ்கெட்டும் பரவாயில்லை. ஓட்டை மனத்தில் வைத்து ஊருக்கே சாப்பாடு போட்டால் அது தேர்தல் குற்றம். கோயிலிலோ மசூதியிலோ மதத்தைக் காட்டி வாக்காளரை மிரட்டுவதும் அப்படியே. கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பரோவில் நடந்த 2014 மேயர் தேர்தலை 2015இல் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

ஊர்ப் பெயரில் தடுக்கி விழாமல் இருக்க

படிவம் எல்லாம் சரியாக இருந்தும் கதவடியில் தோற்பவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லாக இருக்கும்.

இங்கிலாந்தில் கவுன்சில் எல்லை ஒன்று, மக்கள் மனத்தில் இருக்கும் கவுன்டி எல்லை இன்னொன்று. 1974 ஏப்ரல் 1 அன்று உள்ளாட்சி வரைபடம் அடியோடு மாற்றப்பட்டது. பெனைன் மலையின் மேற்குச் சரிவில் இருக்கும் சாடல்வொர்த் கிராமங்கள் அதுவரை யார்க்‌ஷயரின் வெஸ்ட் ரைடிங்கைச் சேர்ந்தவை. அன்று முதல் கிரேட்டர் மான்செஸ்டரின் ஓல்டாம் கவுன்சிலுக்குள் வந்தன. அரை நூற்றாண்டு ஆகியும் அங்கே யார்க்‌ஷயரின் வெள்ளை ரோஜாவைப் பார்க்கலாம், ஆகஸ்ட் 1 யார்க்‌ஷயர் நாளும் கொண்டாடப்படுகிறது. குப்பை எடுப்பது ஓல்டாம், தபால் எண் ஓல்டாம், ஆனால் ‘ஓல்டாம்காரரே’ என்று துண்டறிக்கை தொடங்கினால் அது மறுசுழற்சித் தொட்டிக்குத்தான் போகும்.

லண்டன் தமிழர்கள் குடியிருக்கும் ஊர்களிலேயே இது இருக்கிறது. ஹாரோ, வெம்ப்ளி எல்லாம் 1965 வரை மிடில்செக்ஸ். அந்தக் கவுன்டி கவுன்சில் ஒழிந்து அறுபது ஆண்டாகியும் வயதானவர்கள் முகவரியில் மிடில்செக்ஸ் என்றே எழுதுவார்கள். க்ராய்டன், கிங்ஸ்டன், சட்டன் மூன்றும் சர்ரேயிலிருந்து வந்தவை. ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட் எஸெக்ஸிலிருந்து. க்ராய்டனில் எழுபது வயதுக்காரர் ஒருவர் ‘இது சர்ரே’ என்று சொன்னால் திருத்தாதீர்கள். அவர் வரைபடம் தெரியாமல் பேசவில்லை. முகவரியில் கவுன்டியே தேவையில்லை என்று ராயல் மெயில் 1996இல் சொல்லிவிட்டது. அவர் பிடிவாதமாக எழுதிக்கொண்டிருக்கிறார் என்றால் அவருக்கு அது முக்கியம்.

வேலை தேடி வடக்கே போகிறவர்களுக்கு இன்னும் சில. சண்டர்லேண்ட்காரரை ஜோர்டி என்று அழைக்காதீர்கள், அது நியூகாசில்காரருக்கு. சண்டர்லேண்ட்காரர் மேக்கம். டட்லி, வால்சால் பக்கத்தவர் பிளாக் கன்ட்ரிக்காரர்கள், பர்மிங்ஹாமோடு சேர்த்து ‘ப்ரம்மி’ என்றால் முகம் சுருங்கும். சவுத்போர்ட் மெர்சிசைடில் இருக்கிறது, ஆனால் பலர் லங்காஷயர் என்பார்கள். கார்ன்வாலுக்குத் தனி மொழியும், கறுப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட கொடியும், மேபியான் கெர்னோ என்ற சொந்தக் கட்சியும் உண்டு. 2014இல் கார்னிஷ் மக்களைத் தேசியச் சிறுபான்மையினராக பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்தது. ரட்லண்ட் என்ற குட்டிக் கவுன்டி 1974இல் லெஸ்டர்ஷயரில் கரைக்கப்பட்டு, விடாமல் போராடி 1997இல் தன் கவுன்சிலைத் திரும்ப வாங்கியது. சர்ரேக்காரர்கள் கிழக்கு, மேற்கு என்ற புதுப் பெயர்களை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது சிறிய வேலை. துண்டறிக்கையில் கவுன்சில் பெயரைக் குறைத்து, வார்டின் உள்ளூர்ப் பெயரைப் போடுங்கள்: எஸ்டேட்டின் பெயர், தெருவின் பெயர், பஸ் எண், மூடிப்போன பப்பின் பெயர். அங்கேயே வளர்ந்த இரண்டு பேரிடம் அச்சுக்கு முன் படிக்கக் கொடுங்கள். வாக்காளர் முதலில் பார்ப்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான். வீட்டு முகவரியை மறைக்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்போது எந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள் என்று மட்டும் வரும். பாதுகாப்புக்காக மறைப்பது நியாயம்தான், ஆனால் மறைத்துவிட்டு ‘உள்ளூர்க்காரர்’ என்று சொன்னால் எதிர்க்கட்சி விடாது. சர்ரேயின் எப்சம் அண்ட் யூவெல் பரோ 1937இல் உருவான நாள் முதல் குடியிருப்போர் சங்கங்களின் கையிலேயே இருந்துவந்திருக்கிறது. ஊரைத் தெரிந்தவர் என்ற பெயர் கட்சிக் கொடியை எவ்வளவு தூரம் வெல்லும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கதவு தட்டுவது

கணக்கு எளிது. 9,000 வாக்காளர் உள்ள வார்டு என்று வையுங்கள். இடைத்தேர்தலில் 30 விழுக்காடு வாக்குப்பதிவைத் தாண்டாதது சகஜம். 25 விழுக்காடு வந்தால் 2,250 ஓட்டு. ஐந்து பேர் பிரித்துக்கொண்டால் 800 வாங்கியவர் கவுன்சிலர். உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளருக்கு இலவசத் தபால் கிடையாது (நாடாளுமன்றத் தேர்தலில் உண்டு), ஆகவே கால்தான் தபால்காரர்.

துண்டறிக்கை போடப் போகும்போது ஒரு மரக் கரண்டியோ தட்டையான மரத் துடுப்போ எடுத்துப் போங்கள். அனுபவப்பட்ட எல்லாக் கட்சிக்காரர் பையிலும் அது இருக்கும். தபால் இடுக்கின் மூடி இறுக்கமான ஸ்பிரிங். உள்ளே அடர்ந்த பிரஷ். அதற்கும் உள்ளே சத்தமே போடாமல் காத்திருக்கும் நாய். தாளை நீளவாக்கில் மடித்து, கரண்டியின் நுனியில் அணைத்து, முழுவதும் உள்ளே விழும்வரை தள்ளுங்கள். விரல் உள்ளே போகக் கூடாது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாள், வீட்டில் ஆளில்லை என்று திருடனுக்குச் சொல்லும், வீட்டுக்காரருக்கு உங்கள் மேல் கோபம் வரும். வரும்போது கேட்டைச் சாத்துங்கள்.

பேசும்போது யாருக்கு ஓட்டு என்று முதலில் கேட்காதீர்கள். தெருவில் என்ன பிரச்சினை என்று கேளுங்கள், பதிலைத் தாளில் குறியுங்கள், பத்து நாளுக்குள் அதைப் பற்றி ஏதாவது செய்து தகவல் சொல்லுங்கள். இரவு எட்டு எட்டரைக்கு மேல் மணியடிப்பது ஓட்டைக் குறைக்கும். எதிராளியின் கொள்கையை எவ்வளவு வேண்டுமானாலும் கிழிக்கலாம். அவருடைய நடத்தை பற்றி, உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமல், பொய் எழுதினால் தேர்தலே போய்விடும். மேலே சொன்ன சாடல்வொர்த் இருக்கும் ஓல்டாம் ஈஸ்ட் அண்ட் சாடல்வொர்த் தொகுதியில் 2010 பொதுத்தேர்தலில் தொழிற்கட்சியின் ஃபில் வூலஸ் 103 ஓட்டில் ஜெயித்தார். அவருடைய துண்டறிக்கைகளில் எதிராளியைப் பற்றி இருந்த பொய்களுக்காகத் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. 2011 ஜனவரி 13 அன்று இடைத்தேர்தல் நடந்தது.

வாக்குப்பதிவும் எண்ணிக்கையும்

காலை 7 முதல் இரவு 10 வரை. பத்து மணிக்கு வரிசையில் நின்றிருந்தால் போடவிடுவார்கள். தபாலில் வரும் வாக்காளர் அட்டை (போல் கார்டு) கொண்டுபோகத் தேவையில்லை, புகைப்பட அடையாளம் கட்டாயம். (ஸ்காட்லாந்து, வேல்ஸ் கவுன்சில் தேர்தல்களுக்கு அடையாளம் கேட்பதில்லை.) இந்திய, இலங்கை பாஸ்போர்ட் செல்லும், காலாவதியானதும் செல்லும், முகம் அடையாளம் தெரிந்தால் சரி. இந்திய டிரைவிங் லைசென்ஸ், மாணவர் அட்டை, போனில் இருக்கும் படம் செல்லாது. பட்டியலில் உள்ள பெயரும் அடையாளத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரில் பதிந்து, பாஸ்போர்ட் அப்பா பெயரில் இருந்தால் திருமணச் சான்றிதழையும் கொண்டுபோங்கள்.

வாசலில் ரொசெட் (கட்சி நிற ரிப்பன் பூ) குத்திய ஒருவர் உங்கள் வாக்காளர் பட்டியல் எண்ணைக் கேட்பார். அவர் அதிகாரி இல்லை, கட்சிக்காரர். தங்கள் ஆதரவாளரில் யார் இன்னும் வரவில்லை என்று பார்க்கக் கேட்கிறார். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளே ஒரு இடத்துக்கான தேர்தலில் ஒரே ஒரு பெருக்கல் குறி. இலங்கையில் பழகிய 1, 2, 3 இங்கிலாந்தில் வேண்டாம். ஸ்காட்லாந்துக் கவுன்சில் தேர்தலுக்குத்தான் எண் போட வேண்டும்.

தபால் வாக்கு தள்ளுபடியாவது பெரும்பாலும் அற்பக் காரணத்துக்கு: பிறந்த தேதி கேட்ட இடத்தில் அன்றைய தேதியைப் போடுவது, கையெழுத்து பொருந்தாதது, கணவனும் மனைவியும் படிவத்தை மாற்றிக் கையெழுத்திடுவது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் முழுதாக முடித்து உறையை ஒட்டிய பிறகு அடுத்தவர் தொடங்கட்டும். கட்சித் தொண்டர் யாரிடமும் உறையைக் கொடுக்காதீர்கள், தன் குடும்பத்தைச் சேராதவரின் உறையைக் கையாள அவருக்கு அனுமதி இல்லை.

எண்ணும் கூடத்தில் முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை சீட்டு என்று சரிபார்ப்பார்கள், பிறகுதான் வேட்பாளர்வாரியாகப் பிரிப்பார்கள். அனுபவசாலிகள் அந்த முதல் கட்டத்திலேயே மேசைக்கு எதிரே நின்று, திறந்து விழும் சீட்டுகளில் எதில் பெருக்கல் என்று கோடு கோடாகக் குறித்து, எந்த வாக்குச்சாவடியில் எப்படி என்று கணித்துவிடுவார்கள். சமமாக வந்தால் குலுக்கல். 2017இல் நார்த்தம்பர்லேண்டின் சவுத் ப்ளைத் வார்டில் அப்படித்தான் குச்சி உருவி முடிவு செய்தார்கள்.

நாடாளுமன்ற இடைத்தேர்தல் எங்கே மாறுபடுகிறது

இரண்டு கையெழுத்துக் கதை இங்கே இல்லை. எம்.பி. ராஜினாமா என்பதே சட்டத்தில் கிடையாது. சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் போன்ற பெயரளவு அரச பதவியை ஏற்று அதனால் தகுதி இழப்பார். தேர்தல் நாளை, இடத்தை வைத்திருந்த கட்சியின் கொறடாவே வழக்கமாகத் தீர்மானிக்கிறார். டெபாசிட் 500 பவுண்டு, பத்துக் கையெழுத்து, 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் டெபாசிட் காலி. 2015 சட்டப்படி, சிறைத் தண்டனை பெற்ற அல்லது சபையிலிருந்து குறைந்தது 10 அமர்வு நாள் இடைநீக்கம் செய்யப்பட்ட எம்.பி.யைத் திரும்ப அழைக்கத் தொகுதியின் 10 விழுக்காடு வாக்காளர் ஆறு வாரத்தில் கையெழுத்திட்டால் போதும். 2019இல் பீட்டர்பரோவில் முதல்முறை பலித்தது. 2025 மே 1 அன்று ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி தொகுதியில் ரிஃபார்ம் கட்சி தொழிற்கட்சியை வென்றது மறு எண்ணிக்கைக்குப் பின் 6 ஓட்டில். அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று வேல்ஸ் சட்டமன்றத்துக்கான கேர்ஃபிலி இடைத்தேர்தலில், நூறாண்டு தொழிற்கட்சிக் கோட்டையை வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி பிடித்தது. 2026 முதல் அந்தச் சட்டமன்றம் கட்சிப் பட்டியல் முறைக்கு மாறுவதால் அங்கே இனி இடைத்தேர்தல் இல்லை, காலியிடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

முடிவுக்குப் பிறகு

ஜெயித்த கவுன்சிலர் இரண்டு மாதத்துக்குள் பதவி ஏற்புப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், மறந்தால் இடம் மறுபடியும் காலி. கிடைப்பது முன்னவர் விட்டுப்போன மீதிக் காலம் மட்டும். முடிவை எதிர்த்து வழக்குப் போட 21 நாள். தோற்றவருக்கும் ஜெயித்தவருக்கும் பொதுவான வேலை, முடிவு அறிவித்த 35 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுப்பது. ஒரு பென்னி செலவழிக்கவில்லை என்றாலும் ‘செலவு இல்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 40 ஓட்டு வாங்கியவர்களுக்குத்தான் இது அதிகம் மறந்துபோகும். வேலியில் கட்டிய தட்டிகளை வாக்குப்பதிவு முடிந்து 14 நாளுக்குள் அவிழ்த்துவிடுங்கள். அந்த வீட்டுக்காரரிடமே கேபிள் டையை வெட்டக் கத்தரிக்கோல் கேட்டுக்கொள்ளலாம்.